வேலியைப் போட்டுவிட்டுப் பொலிகுதிரையைப் பிடியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை நெருங்கினால், பெட்டைக் குதிரை வைத்திருப்பவர்கள் பலரும் இனச்சேர்க்கைக்கென்று ஆண் குதிரை (பொலிகுதிரை) ஒன்றையும் பிடித்துவரக் கிளம்பிவிடுகிறார்கள். சுழியும் நிறமும் பார்க்கிற அக்கறையில் பாதியை, அதை எங்கே விடுவது என்பதில் காட்டுவதில்லை. மாட்டுக்குப் போட்ட வேலியும் மாட்டுக்கு வைத்த தீனியும் இதற்கும் போதும் என்று நினைப்பதுதான் கேடு.

நம் பக்கத்து வேலி கல்லுக்காலும் முள்கம்பியும், இல்லாவிட்டால் கிளுவை. முள் குத்தினால் மாடு பின்வாங்கும். பருவத்துக்கு வந்த பெட்டையின் வாடை பிடித்த ஆண் குதிரை பின்வாங்காது. கம்பிக்குள் முன்னங்காலை விட்டு உதறி இழுக்கும். சதை எலும்புவரை கிழியும். தசைநாண் அறுந்துவிட்டால் அந்தக் கால் பழையபடி ஆவது அரிது. கிளுவையை நெஞ்சால் தள்ளியே சந்து கண்டுவிடும்.

ஆறடி உயரத்துக்கு இரும்புக் குழாயோ கனத்த பலகையோ நான்கு குறுக்குச் சட்டங்களாக வேண்டும். சட்டங்களைக் குதிரை நிற்கும் பக்கமாகப் பொருத்துங்கள். வெளிப்பக்கம் அடித்தால் அது சாயும்போது ஆணிகள் பிடுங்கிக்கொள்ளும். பெட்டைகளின் வேலி தனி, ஆணின் வேலி தனி. நடுவே 12 அடித் தடம் இருக்கட்டும். ஒரே வேலிக்கு இருபுறமும் நிறுத்தினால் ஆண் முன்னங்காலை வீசும், பெட்டை பின்னங்காலால் உதைக்கும், கால் சட்டங்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். உட்புறம் மேலே ஒரு சோலார் மின்வேலிக் கம்பி ஓட்டினால் சாய்வதை விட்டுவிடும். அதற்கென்றே விற்கும் கருவியைத்தான் இணைக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கொடுப்பது ஆளைக் கொல்லும், சட்டப்படியும் குற்றம். படலுக்கு மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள் போடுங்கள், ஒற்றைத் தாழை உதட்டாலேயே தள்ளப் பழகிவிடும்.

தீனிக்கு வருவோம். 350 கிலோ எடையுள்ள குதிரைக்குக் ஈரம் நீக்கிய எடைக் கணக்கில் நாளொன்றுக்கு 6 முதல் 7 கிலோ வேண்டும், அதில் பெரும்பங்கு புல்லாக இருக்கட்டும். தானியத்தை ஒரே வேளையில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வைத்தால் வயிற்றுவலியை வரவழைப்பதாகும். கோ-4 என்னும் ஒட்டுத் தீவனப் புல்லிலும் கொறங்காட்டு (மானாவாரி மேய்ச்சல் நிலத்து) கொழுக்கட்டைப் புல்லிலும் உள்ள ஆக்சலேட் என்னும் பொருள் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும். தவிடும் நிறையச் சேர்ந்தால் எலும்பு கரைந்து முகம் வீங்கும், நடை நொண்டும். குதிரைமசால் என்னும் பயறுவகைத் தீவனத்தை வாட்டித் தினமும் நான்கைந்து கிலோ கலந்து கொடுங்கள். சுண்ணாம்பு அதில் ஏராளம். உப்பு இரண்டு மேசைக்கரண்டி. பச்சைச் சோளத்தட்டை வாரக்கணக்கில் போட்டால் மூத்திரப்பை புண்ணாகிப் பின்கால்கள் தள்ளாடும். மாட்டுக் கலப்புத் தீவனத்தை வாயருகே கொண்டுபோக வேண்டாம். சிலவற்றில் சேரும் மொனென்சின் மாட்டுக்கு மருந்து, குதிரைக்கோ இதயத்தசையை அழிக்கும் நஞ்சு.

விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், தடவினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும். கொழுத்த ஆண் ஏறத் தயங்கும். விந்து முதிர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆவதால், இன்று அடிக்கும் காய்ச்சலின் பலன் சினை பிடிக்காமையாக அப்புறம்தான் தெரியும். பெட்டைக்குப் பருவம் 21 நாளுக்கொருமுறை வந்து 5 முதல் 7 நாள் நிற்கும். மூன்றாம் நாள் தொடங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்த்தால் போதும். சேர்க்கைக்குத் தனிக் கடிவாளம் வைத்தால், சவாரிக் கடிவாளம் போடும்போது அடங்கி நிற்கப் பழகும்.

முன்காலும் பின்காலும் கட்டி நாள் முழுக்க இருட்டு லாயத்தில் நிறுத்துவது கொடுமை. கடிக்கும் குதிரைகள் பெரும்பாலும் அப்படி உருவாக்கப்பட்டவையே. தினமும் ஒரு மணி நேர நடை, கண்ணுக்கெட்டிய தூரத்தில் இன்னொரு குதிரை, இரண்டும் அதற்கு வேண்டும்.

இத்தனைக்கும் இடமோ பணமோ இல்லாதவர்கள், பருவத்தில் பெட்டையை நல்ல பொலிகுதிரை இருக்குமிடத்துக்கு ஓட்டிச் செல்லலாம். கையில் ஏற்கெனவே உள்ள ஆணைக் கால்நடை மருத்துவரிடம் காயடித்துவிடலாம். காயடித்த பிறகும் ஆறு வாரம் பெட்டைகளோடு விட வேண்டாம், மிச்சமுள்ள விந்தால் சினை பிடிக்கக்கூடும்.

குதிரை வளர்ப்போர்,
பவானி வட்டாரம்