திரைக்கு இந்தப் பக்கம் நின்றவர்களுக்கு

இனப்படுகொலைகளையும் போர்களையும் பற்றிய எங்கள் ஆவணப்படத் திரையிடல் நல்லபடியாக முடிந்தது. நன்றியுரையை மேடையிலேயே சொல்லியிருக்கலாம். கடைசிப் படம் முடிந்தபோது மைக்கைப் பிடிக்கும் நிலையில் எங்களில் யாரும் இல்லை. அதனால் இந்த மடல்.

முதல் நன்றி, அரங்கம் தந்தவருக்கு. என்னென்ன படங்கள், அனுமதி வாங்கியாயிற்றா என்று மட்டும் கேட்டார், சாவியைக் கொடுத்துவிட்டார். இதைச் சின்ன உதவி என்று யாரும் நினைக்க வேண்டாம். முள்ளிவாய்க்காலின் இறுதி மாதங்களைக் காட்டும் 'நோ ஃபயர் ஸோன்' படத்தைத் தணிக்கைக்கு அனுப்பாமல் 2013இல் கோலாலம்பூரில் திரையிட்டதற்காக மனித உரிமைச் செயற்பாட்டாளர் லீனா ஹென்ட்ரி மீது வழக்குப் போட்டார்கள். வருடக்கணக்கில் இழுத்த அந்த வழக்கில் 2017இல் அவருக்கு 10,000 ரிங்கிட் அபராதம். படம் எடுத்தவரோடு ஆபத்து நின்றுவிடுவதில்லை, நாற்காலி போட்டவர் வரைக்கும் வருகிறது.

அடுத்து, தமிழில் சப்டைட்டில் எழுதியவர்கள். உயிர்பிழைத்த ஒரு பெண் தன் வீடு எரிந்ததைச் சொல்லிக்கொண்டே வந்து, பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுகிறார். எங்கள் முதல் பிரதியில் அடுத்த வரி முன்கூட்டியே திரையில் வந்து நின்றது. அவர் வாய் திறப்பதற்குள் நாம் படித்து முடித்துவிடுவோம். நள்ளிரவு தாண்டி அதைக் கவனித்த ஒருவர் அந்த வரியை எடுத்துப் பின்னால் தள்ளினார். அரங்கில் அந்த இடம் வந்தபோது படிக்க எதுவும் இல்லாமல் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். இதையெல்லாம் கவனிக்க ஆள் கிடைப்பது அபூர்வம்.

நேரில் வந்து பேசியவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் அதே காயத்தை அவிழ்த்துக் காட்டச் சொல்வது கொடுமை; கேட்டவர்கள் நாங்கள்தான் என்பதால் இதைச் சொல்கிறோம். ஒருவர், தன் பேச்சைப் பதிவு செய்ய வேண்டாம் என்றார். கேமரா வைத்திருந்த தம்பி ஒரு வார்த்தை பேசாமல் லென்ஸை மூடிவிட்டுக் கீழே உட்கார்ந்தார். அவருக்கும் நன்றி. கதவோரம் தண்ணீர் பாட்டிலோடு காத்திருந்து, பாதியில் எழுந்து வெளியே வந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்த மனநல ஆலோசகருக்கும்.

"இதையெல்லாம் பார்த்து என்ன ஆகப்போகிறது?" என்று கடைசி வரிசையிலிருந்து கேட்ட மாணவிக்குத் தனி நன்றி. அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னோம். 1994 ஏப்ரலில் ருவாண்டா இனப்படுகொலையின்போது தலைநகர் கிகாலியின் தெருவில் நடந்த கொலையை ஒரு பத்திரிகையாளர் கட்டடத்தின் உச்சியிலிருந்து படம்பிடித்தார். அதே மாதம்தான் ஐ.நா. பாதுகாப்புச் சபை ருவாண்டாவிலிருந்த அமைதிப்படையை 270 பேராகக் குறைக்க முடிவெடுத்தது. கொலைகள் ஜூலை வரை நிற்கவில்லை. ஆகவே, காட்சி இருந்தால் உலகம் ஓடிவரும் என்று நாங்கள் நம்பவில்லை.

ஆனால் இன்னொன்றும் உண்டு. போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் பிடிபட்ட ஆறு பேரை 1995இல் சுட்டுக்கொன்ற செர்பியத் துணைப்படையினர், அதைத் தாங்களே வீடியோ எடுத்து வைத்திருந்தார்கள். 2005 ஜூனில் அது தி ஹேக்கின் சர்வதேசப் போர்க்குற்ற நீதிமன்றத்தில், முன்னாள் செர்பிய அதிபர் மிலோஷெவிச் மீதான வழக்கில் காட்டப்பட்டது, செர்பியத் தொலைக்காட்சியிலும் வந்தது. ஒரு தாய் தன் மகனை அதில் அடையாளம் கண்டார். சில நாட்களுக்குள் கைதுகள்; 2007இல் பெல்கிரேடு நீதிமன்றம் நான்கு பேரைத் தண்டித்தது. பத்து வருடத்துக்கு மேல் தாமதம்தான். அந்த நாடா அழிந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. தங்கைக்கு எங்கள் பதில் இவ்வளவுதான். போதாது என்றால் அடுத்த முறையும் வந்து கேட்க வேண்டும்.

பணம் தந்தவர்கள், சுவரொட்டி ஒட்டியவர்கள், ஒலிக்கருவியைக் கடனாகத் தந்தவர் எல்லோருக்கும் நன்றி.

இந்த மடலில் உதவியவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லையே என்று சிலர் கேட்பீர்கள். பலருக்குச் சொந்த ஊரில் இன்னும் உறவினர்கள் இருக்கிறார்கள். பெயர் வேண்டாம் என்றார்கள். இந்தோனேசியாவின் 1965-66 படுகொலைகளைப் பற்றிய 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' படத்திலும் இணை இயக்குநர் ஒருவர் உட்பட உள்ளூர்க் கலைஞர்கள் பலர் 'பெயரிலி' என்றே இடம்பெற்றார்கள்.

சப்டைட்டில் கோப்புகள் எங்களிடம் இருக்கின்றன. திரையிட நினைப்பவர்கள் கேட்டால் இலவசமாகத் தருவோம். படத்துக்கான உரிமத்தை மட்டும் தயாரிப்பாளர்களிடம் நேரடியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
திரையிடல் குழுவினர்