மட்டக்களப்புக் கோச்சியை லாபக் கணக்கில் விட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் கணவருக்கு மாதம் ஒருமுறை கொழும்பில் கிளினிக். வாழைச்சேனையிலிருந்து இரவுக் கோச்சியில்தான் கூட்டிப் போகிறேன். சத்திரசிகிச்சை செய்த காலோடு பஸ்ஸில் அவரால் இருக்க முடியாது. புனானை, வெலிக்கந்தை தாண்டும்போது சில நாள் பெட்டியில் பாதி காலியாகத்தான் இருக்கும். லாபம் பார்க்கிற முதலாளி முதலில் நிறுத்துவது இந்தக் கோச்சியைத்தான்.

ரயில்வேயைத் தனியாரிடம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். தாமதம், நஷ்டம் எல்லாம் உண்மைதான், நானும் மணிக்கணக்கில் காத்திருந்தவள். ஆனால் இங்கிலாந்தைப் பாருங்கள். 1990களில் தண்டவாளத்தை ரெயில்ட்ராக் என்ற கம்பெனியிடம் கொடுத்தார்கள். 2000இல் ஹாட்ஃபீல்டில் வெடிப்பு விழுந்திருந்த தண்டவாளம் உடைந்து ரயில் தடம் புரண்டு நான்கு பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே கம்பெனி முறிந்தது. 2025இல் ரயில் சேவைகளையும் ஒவ்வொன்றாக அரசு திரும்ப எடுக்கத் தொடங்கியிருக்கிறது.

கரண்டும் அப்படித்தான். மின்சார சபையைப் பல கம்பெனிகளாகப் பிரிக்க 2024இல் சட்டம் வந்தது. வீட்டில் ஒரு ஃப்ரீசர் வைத்து ஐஸ்பழம் விற்பவள் நான். கம்பெனி எத்தனை என்பதைவிட, அவை யார் கையில் இருக்கும், சின்னப் பாவனையாளருக்கு அலகு என்ன விலை என்பதுதான் என் கேள்வி.

எங்கள் மாவட்ட எம்பிமார் பாராளுமன்றத்தில் ஒன்று கேட்க வேண்டும்: யார் நடத்தினாலும் மட்டக்களப்புப் பாதையில் தினமும் இரவுக் கோச்சி ஓடும் என்று எழுத்தில் தருவார்களா?

வாசகி ஒருவர்,
வாழைச்சேனை