மரச் சிலந்தியை நீர் தெளித்தே கொல்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் வளர்க்கும் அயல் உயிரினங்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, மரத்தில் வாழும் டரான்டுலா என்ற பெரிய, முடி அடர்ந்த சிலந்திகளுக்கு நான்கே வரி ஒதுக்கியிருந்தது. அதில் இரண்டு வரி தவறு. நிறத்தைப் பார்த்து மனத்துக்குப் பிடித்ததை வாங்கலாம் என்பது ஒன்று. மழைக்காட்டு உயிர் என்பதால் மூடிய பெட்டியில் வைத்துக் காலையும் மாலையும் நீர் தெளிக்க வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதை நம்பினால் வளர்ப்பவருக்குக் கடி விழும்; இரண்டாவதை நம்பினால் சிலந்தி சாகும். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுத வேண்டியிருக்கிறது.

மரவாழ் டரான்டுலா என்று ஒரே பெயரில் அடிபடுபவை குணத்தில் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. தென் அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளைச் சேர்ந்த அவிக்குலேரியா பேரினம் ஒரு ரகம். அதில் அவிக்குலேரியா அவிக்குலேரியா என்ற இனம்தான் (பெயர் இருமுறை வருவது அச்சுப்பிழை அல்ல) புதியவருக்கு ஏற்றது. கருத்த உடம்பு, கால் நுனிகளில் மட்டும் மருதாணி வைத்தாற்போல இளஞ்சிவப்பு. குஞ்சில் இது தலைகீழாக இருக்கும்: உடலும் காலும் இளஞ்சிவப்பு, நுனிகள் கறுப்பு. நன்கு வளர்ந்தால் கால் விரிவு 12 முதல் 15 செ.மீ. பயந்தால் முதலில் ஓடும், இல்லையென்றால் சட்டென்று தாவும், சில வேளை பின்புறத்தைத் திருப்பி எச்சத்தைப் பீய்ச்சி அடிக்கும். கடிப்பது கடைசி வழி. வயிற்றில் சுணைமுடி, அதாவது தோலில் பட்டால் அரிக்கும் முடி, உண்டு. ஆனால் அமெரிக்கத் தரைவாழ் டரான்டுலாக்களைப்போலப் பின்னங்காலால் தேய்த்துக் காற்றில் பறக்கவிடாமல், வயிற்றைக் கொண்டுவந்து நேரே தோலில் அழுத்தும். அரிப்போடு போகும், கண்ணில் படாத வரை. பெட்டியில் கைவைத்தால் கை கழுவாமல் முகத்தைத் தொடக் கூடாது.

அவிக்குலேரியா என்பது சிறு பறவையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். அதைக் கேட்டுப் பறவை தின்னி என்று பயப்படுவோர் உண்டு. 1705-இல் இயற்கை ஓவியர் மரியா சிபில்லா மெரியன் வெளியிட்ட, தென் அமெரிக்காவின் சூரினாம் நாட்டு உயிரின ஓவியங்களில் ஒன்றில் சிலந்தி ஒரு சிறு பறவையைத் தின்றுகொண்டிருக்கும். அதையொட்டி 1758-இல் உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிட்ட லின்னேயஸ் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. பெட்டிக்குள் அது தின்னப்போவது சுவர்க்கோழியும் கரப்பானும்தான்.

கரீபியக் கடலின் மார்த்தினிக் தீவைச் சேர்ந்த கரிபெனா வெர்சிகலரும் சாதுதான். குஞ்சில் முழு நீலம், வளர்ந்தபின் பச்சை முதுகும் சிவந்த வயிறும். அழகுக்காகவே பலர் முதலில் இதைத் தேடுகிறார்கள். தவறில்லை. ஆனால் இதன் சின்னக் குஞ்சு ஈரத்திலும் காற்றோட்டத்திலும் நடக்கும் தவறுகளைப் பொறுக்காது. கால் விரிவு 4, 5 செ.மீ. எட்டிய பிறகு வாங்குவது நல்லது.

இனி, முதல் சிலந்தியாக வாங்கவே கூடாதவை. டிரினிடாடின் சால்மோபியஸ் கேம்பிரிட்ஜியும் அதன் இனத்தாரும் அமெரிக்கக் கண்டத்தவை என்றாலும் சுணைமுடி இல்லாதவை. சுணை இல்லாததற்கு வேகத்தாலும் நச்சுப்பல்லாலும் ஈடுகட்டும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டுமே உரிய பொசிலோதீரியா இன்னும் ஒரு படி மேல். கடித்தால் கடுமையான தசைப்பிடிப்பு வரும். கடித்த இடத்தோடு நிற்காமல் உடம்பெங்கும் பரவும், சிலருக்கு நாள்கணக்கில் விட்டு விட்டு வரும். மூடியைத் திறந்த நொடியில் கைவழியே தோள்வரை ஏறிவிடக்கூடிய வேகம் வேறு. படங்களில் எல்லோரையும் மயக்கும் அந்த நீலச் சிலந்தி, பொசிலோதீரியா மெட்டாலிகா, இந்தப் பேரினத்தைச் சேர்ந்ததுதான். ஆந்திரத்தின் குத்தி ஊரில் ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒன்றை வைத்து 1899-இல் போக்காக் என்ற விலங்கியலாளர் அதை விவரித்தார். கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு சிறு காட்டுப் பரப்பில்தான் அது இன்று எஞ்சியிருக்கிறது. 'மிக அருகிவிட்ட இனம்' என்ற பட்டியலில் இருக்கிறது. 2019 முதல் பொசிலோதீரியா பேரினம் முழுவதும், அருகும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. நாடு தாண்டிய வணிகத்துக்கு அனுமதிச் சான்று வேண்டும். காட்டில் பிடித்ததை யார் தந்தாலும் வாங்காதீர்கள்.

வாங்கும்போது அறிவியல் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். 2017-இல் ஃபுகுஷிமா, பெர்டானி என்ற இரு ஆய்வாளர்கள் அவிக்குலேரியா பேரினத்தையே கலைத்து அடுக்கினார்கள். வெர்சிகலர் கரிபெனாவுக்குப் போனது அப்போதுதான். டைவர்சிபஸ் என்ற இனம் இபிராபோரா ஆனது. பழைய பெயரிலேயே விற்பவர் ஏமாற்றுக்காரர் என்று பொருளல்ல. ஆனால் 'பிங்க் டோ' என்ற பட்டப்பெயரைத் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியாதவரிடம் எந்த இனம், எங்கே பிறந்தது என்பதற்கு விடை கிடைக்காது.

இப்போது ஈரத்துக்கு வருவோம். அவிக்குலேரியா குஞ்சுகள் காரணமே தெரியாமல் திடீரென்று செத்துப்போகின்றன என்ற புலம்பல் வளர்ப்போரிடையே பழையது. அதற்கு ஒரு நோயின் பெயரே வைத்திருந்தார்கள். பெரும்பாலும் அது நோயே அல்ல. பழைய வளர்ப்புக் குறிப்புகள் எண்பது விழுக்காடு ஈரப்பதம் என்று எழுதிவைத்தன. அந்த எண்ணைப் பிடித்து நிறுத்த ஒரே வழி பெட்டியின் துளைகளை அடைத்து ஓயாமல் தெளிப்பது. மழைக்காட்டில் மழை பெய்கிறது, உண்மைதான். ஆனால் மர உச்சியில் காற்றும் வீசுகிறது; நனைந்த பட்டை சீக்கிரமே காய்ந்துவிடுகிறது. அடைத்த பெட்டியில் நனைந்தது நனைந்தபடியே கிடக்கும். தின்று போட்ட மிச்சத்தில் பூஞ்சணம் பிடிக்கும், வலை ஊறும், காற்று புளிக்கும். டரான்டுலாவுக்கு வயிற்றின் அடியில் புத்தகத் தாள்போல அடுக்கிய இரண்டு இணை ஏட்டு நுரையீரல்கள் உண்டு. அவற்றின் வாய் வெறும் பிளவுதான். அவிக்குலேரியா தாகத்தைக் குடித்துத் தீர்த்துக்கொள்ளும், இரையிலிருந்தும் நீர் பெறும். தேங்கிய காற்றிலிருந்து தப்ப அதற்கு வழி கிடையாது.

எனவே ஈரமானியை நம்ப வேண்டாம். எளிய சோதனை ஒன்று போதும். மாலையில் பெட்டிச் சுவரில் சில துளிகள் தெளியுங்கள். ஓரிரு மணி நேரத்தில் காய்ந்தால் காற்றோட்டம் சரி. மறுநாள் காலையிலும் முத்து முத்தாக நின்றால் துளை போதவில்லை; நீரைக் குறைப்பதற்கு முன் துளையைக் கூட்டுங்கள்.

வளர்ந்த சிலந்திக்கு 20 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ள பெட்டி போதும். அதைவிடப் பெரிதாக வாங்கினால் இரை எங்கே போனது என்று நீங்கள்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள். கதவு முன்பக்கம் இருக்க வேண்டும். மரச் சிலந்தி மேல்மூலையில்தான் வலைக் குழல் கட்டும். மேல்மூடிப் பெட்டி என்றால் திறக்கும்போதெல்லாம் அதன் வீட்டைக் கிழிப்பீர்கள், ஆளும் கையோடு வெளியே வந்துவிடும். எதிரெதிர்ச் சுவர்களில் துளை வேண்டும்: ஒரு பக்கம் தாழ்வாக, மறுபக்கம் உயரமாக இருந்தால் காற்று குறுக்கே ஓடும். மூடியில் மட்டும் துளையிட்டால் அடியில் காற்று தேங்கும். துளையின் அகலம் சிலந்தியின் தலைமார்பில் (கால்கள் முளைக்கும் முன்பகுதியில்) பாதியைத் தாண்டக் கூடாது. தலைமார்பு நுழைந்தால் முழு உடம்பும் நுழையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கில் சூடான ஈயப்பற்றுக் கோலின் (சால்டரிங் அயர்ன்) நுனியால் 2 மி.மீ. துளைகள் எளிதாகப் போடலாம், சிலந்தி உள்ளே இல்லாதபோது. கம்பிவலை வேண்டாம், கால் நகம் சிக்கிக்கொள்ளும்.

அடியில் 3 முதல் 5 செ.மீ. தென்னை நார்த்தூள். கையால் பிழிந்தால் நீர் சொட்டாத பதம். அதன்மேல் கார்க் மரப்பட்டைத் துண்டு ஒன்றை, அல்லது குழாயாக வளைந்த பட்டையை, சாய்வாக நிறுத்தி மேல்முனை கூரையிலிருந்து 5 செ.மீ. கீழே நிற்கும்படி வையுங்கள். சாயாமல், உருளாமல் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். மேல்முனையைச் சுற்றி நாலைந்து பிளாஸ்டிக் இலைகளைச் செருகுங்கள். அலங்காரத்துக்கல்ல. வலையின் முதல் நூலை ஒட்ட இடம் இல்லாவிட்டால் சிலந்தி வாரக்கணக்கில் கண்ணாடி மூலையில் வெறுமனே உட்கார்ந்திருக்கும். 3, 4 செ.மீ. அகலமுள்ள தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கட்டும். வாரம் ஒருமுறை தரையின் ஒரு மூலையை மட்டும் நனைத்தால் போதும். அது காய்ந்த பிறகே அடுத்தது. வெப்பம் 21 முதல் 28 டிகிரி செல்சியஸ். நாம் மெல்லிய சட்டையோடு இருக்க முடிகிற அறைக்குத் தனிச்சூடு வேண்டியதில்லை. சூடேற்றும் விளக்கு பெட்டியை அடுப்பாக்கிவிடும். நேர்வெயிலும் அப்படியே. அந்த அறையில் கொசுவர்த்தி, பூச்சி மருந்து எதுவும் கூடாது. கொசுவைக் கொல்வது சிலந்தியையும் கொல்லும்.

குஞ்சுக்குப் பெரிய பெட்டி ஆகாது. 5 செ.மீ. அகலம், 8 முதல் 10 செ.மீ. உயரமுள்ள திருகுமூடி டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள், மூடி தரையாகிவிடும். மூடியில் ஒன்றரை செ.மீ. நார்த்தூள், ஒரு பட்டைச் சீவல், ஓர் இலை. பக்கச் சுவர்களில் 1 மி.மீ. துளைகள் எதிரெதிராக இரண்டு வரிசை. குஞ்சு மேல்கோடியில் வலை கட்டும். தீனி போடவோ துப்புரவு செய்யவோ டப்பாவைத் தூக்கினால் வலை கலையாமல் டப்பாவோடு போகும். குஞ்சுக்குத் தண்ணீர், வாரம் இருமுறை வலையின் ஓரத்தில் ஒரு சொட்டு. வலை சொதசொதக்கும்படி ஊற்றக் கூடாது.

தீனி பெரிய கலை இல்லை. இரை சிலந்தியின் வயிற்றைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. குஞ்சுக்கு மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை, பெரியதற்கு ஏழு முதல் பத்து நாளைக்கு ஒருமுறை. மிகச் சிறிய குஞ்சுக்குச் சுவர்க்கோழியின் காலை முறித்து வலையருகே வைத்தாலே தின்னும். தின்னாத இரையை மறுநாள் எடுத்துவிடுங்கள். வெளியில் பிடித்த பூச்சியில் மருந்து ஒட்டியிருக்கலாம், போடாதீர்கள்.

சட்டை உரிக்கும் நேரம்தான் புதியவர்களைப் பதற வைக்கிறது. தீனியைத் தள்ளும், வலை வாயை அடைத்துக்கொள்ளும், சில நாள் அசைவே இருக்காது. பிறகு மல்லாந்து கிடக்கும். செத்துவிட்டது என்று தொட்டுப் பார்த்தால், சாகாததைச் சாகடித்தவராவீர்கள். இரை எதையும் உள்ளே விடக் கூடாது, சுவர்க்கோழி அந்த மென்தோலைக் கடித்துவிடும். உரித்தபின் நச்சுப்பல் வெள்ளையாக இருந்து, சிவந்து, கறுக்கும். கறுத்த பிறகே தீனி: குஞ்சுக்கு நாலைந்து நாள், பெரியதற்குப் பத்து நாள். உரித்த தோலை எறியாதீர்கள். ஈரப்படுத்தி விரித்தால் வயிற்றின் உட்புறத்தில், மேல் இணை ஏட்டு நுரையீரல்களுக்கு நடுவே விந்துப்பை தெரிகிறதா என்று பார்த்துப் பெண்ணை அறியலாம்.

சாவு நெருங்கும்போது சிலந்தி மல்லாந்து கிடக்காது. நின்ற நிலையிலேயே கால்களை உடலுக்கடியில் மடக்கிக்கொள்ளும். கால்களை நீட்டுவது தசையல்ல, உள்ளிருக்கும் திரவத்தின் அழுத்தம். நீர் வற்றினால் மடங்கிவிடும். வாயருகே தண்ணீர் வைத்துப் பாருங்கள். ஈரத் துணி போட்ட மூடிய டப்பாவில் அடைத்துச் 'சிகிச்சை' செய்வது அதே பழைய தவறுதான். மரச் சிலந்தி தரையில் இறங்கிக் கிண்ணத்தருகே கிடந்தால் வறட்சி. துளைகளோடு உடம்பை ஒட்டிக்கொண்டிருந்தால் காற்றுக் குறை என்று ஐயப்படுங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது இதே கண்ணால் பாருங்கள். சுவரை இறுகப் பற்றியிருக்க வேண்டும், வயிறு சுருங்காமல் உருண்டிருக்க வேண்டும், வாயருகே வெள்ளைப் பசைபோல எதுவும் இருக்கக் கூடாது. அது புழுத் தொற்றாக இருக்கலாம். தலைக்கருகே உள்ள சிறு உணர்கால்களின் நுனி குத்துச்சண்டைக் கையுறைபோல் உப்பியிருந்தால் அது முதிர்ந்த ஆண். பெரியதாகவும் மலிவாகவும் கிடைக்கும், ஆயுள் சில மாதங்களே. பெண் பத்து ஆண்டு கூட இருக்கும்.

பெட்டி மாற்றும்போது பழைய டப்பாவைத் திறந்தபடி புதிய பெட்டிக்குள்ளேயே வைத்து, இரண்டையும் ஒரு பெரிய தொட்டிக்குள் தரையில் வைத்துச் செய்யுங்கள். நீண்ட தூரிகையால் பின்னங்காலை லேசாகத் தொட்டால் போதும், முன்னால் போகும். பக்கத்தில் அகலவாய்க் கண்ணாடிக் குவளையும் கெட்டி அட்டையும் இருக்கட்டும். தப்பினால் துரத்தாமல், நிற்கும்வரை காத்திருந்து கவிழ்க்கலாம். கையில் ஏற்றிப் படமெடுக்கும் ஆசை வேண்டாம். தாவி விழுந்து வயிறு கிழிந்தால் பெரும்பாலும் பிழைக்காது.

கட்டுரையின் மற்ற பகுதிகளில் எங்களுக்குக் குறை இல்லை. 'காலையும் மாலையும் நீர் தெளிக்க வேண்டும்' என்ற அந்த ஒரு வரிக்கு மட்டுமாவது, அதைப் படித்து யாரும் பெட்டியை அடைப்பதற்கு முன், அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
டரான்டுலா வளர்க்கும் வாசகர்கள்