மாற்றுத்திறனாளி மாணவர் ஆலோசனை நிதிக்கு ஒரு வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

பல்கலைக்கழகத்தில் பயிலும் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஆலோசனை வழங்கவும், அவர்களுடைய படிப்புக்கும் தேர்வுக்கும் தேவையான ஏற்பாடுகளைத் தொடக்கம் முதல் கடைசிவரை கவனித்துக்கொள்ளவும் ஒரு பொது நிதியைத் திரட்டுவதென எங்கள் குழு முடிவு செய்துள்ளது. முன்னாள் மாணவர்கள், பணியிலும் ஓய்விலும் இருக்கும் ஆசிரியர்கள், பெற்றோர்கள், இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் சிலர் என அமைந்த இக்குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் தாங்களே மாற்றுத்திறனாளிகள். இந்த நிதியைக்கொண்டு நாங்கள் கருவி எதையும் வாங்கப் போவதில்லை. கட்டடம் எதையும் எழுப்பப் போவதில்லை. திரளும் தொகை ஏறக்குறைய முழுவதும் வேலை செய்யும் மனிதர்களின் ஊதியத்திற்கே செல்லும். நன்கொடை கேட்பவர்கள் இப்படிச் சொல்வது வழக்கமில்லை என்பதால், அதன் காரணத்தைச் சற்று விரிவாகவே உங்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

எங்கள் குழு உறுப்பினர் ஒருவர் குறைபார்வை உடையவர். இளங்கலை முதலாண்டில் சேர்ந்த வாரத்திலேயே மருத்துவச் சான்றிதழைக் கொடுத்து, தேர்வில் கூடுதல் நேரமும் பெரிய எழுத்தில் அச்சிட்ட வினாத்தாளும் வேண்டும் என்று விண்ணப்பித்தார். அனுமதி கிடைத்தது; ஆணையின் நகல் அவர் கையிலும் இருந்தது. தேர்வன்று அறைக் கண்காணிப்பாளருக்கு அதைப் பற்றி எதுவுமே தெரியவில்லை. அவசரத்தில் நகலெடுக்கும் இயந்திரத்தில் வைத்துப் பெரிதாக்கிய வினாத்தாளில் வரைபடத்தின் ஓரம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. மற்றவர்களுக்கு நேரம் முடிந்ததும் அவருடைய விடைத்தாளையும் வாங்கிக்கொண்டார்கள். பிறகு அவர் கொடுத்த முறையீட்டுக்கு, ‘அனுமதி ஏற்கெனவே வழங்கப்பட்டுள்ளது’ என்று பதில் வந்தது. அது உண்மைதான். அனுமதி கோப்பில் இருந்தது. யாருக்கும் அவர்மேல் மனத்தாங்கல் இல்லை, யாரும் வேண்டுமென்று மறுக்கவும் இல்லை; ஒரு மாடியில் கையெழுத்தான ஆணையை அடுத்த மாடியில் இருக்கும் தேர்வறைவரை கொண்டுசேர்ப்பது யாருடைய வேலை என்று மட்டும் வரையறுக்கப்படவில்லை.

குழு தொடங்கியபோது, தம் படிப்புக் காலத்தில் நேர்ந்ததை ஒவ்வொருவரும் எழுதிக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டோம். வந்த தாள்களைப் படித்தபோது, இந்த உறுப்பினருக்கு நேர்ந்ததுதான் வெவ்வேறு வடிவங்களில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. ‘முடியாது’ என்று சொல்லப்பட்டவர்கள் சிலரே. ‘சரி’ என்று சொல்லப்பட்டுப் பிறகு எதுவும் நடக்காமல் போனவர்களே மிகுதி. பிரெயில் அச்சுப்பொறி ஒன்று நன்கொடையாக வந்து, அதை இயக்கவும் கோப்புகளை அதற்கேற்றபடி தயார் செய்யவும் ஆள் இல்லாததால், ஆண்டுக்கணக்கில் துணி போர்த்தியபடி ஓர் அறையில் நின்றதைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். அதே அறையில்தான் அவர் தம் தோழியரைப் பாடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் படித்தார். அந்தத் தாளைப் படித்த பிறகே, எந்தக் கருவியையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தோம். கருவிகள் வேண்டாதவை என்பதல்ல எங்கள் கருத்து. அவற்றைத் தர முன்வருவோர் இருக்கிறார்கள், சில இலவசமாகவே கிடைக்கின்றன. கணினித் திரையில் உள்ளதைப் பேச்சாகவும் பிரெயிலாகவும் மாற்றித் தரும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞரான மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய முயற்சி. இன்றுவரை அதை யாரும் விலையின்றிப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் ஆசிரியர் தரும் பாடக்குறிப்பு வெறும் படமாக நகலெடுக்கப்பட்டதாகவோ, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான ஒருங்குறியில் (யூனிகோட்) இல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சானதாகவோ இருந்தால், திரைவாசிப்பான் அதைப் பிழையின்றி வாசிக்கும் என்று நம்ப முடியாது. அதை எழுத்தாக மாற்றி, பிழை திருத்தி, தலைப்புகளையும் அட்டவணைகளையும் அடையாளப்படுத்தி, படங்களுக்கு விளக்கம் எழுதித் தர ஒருவர் உட்கார்ந்தாக வேண்டும். கணிதம், வேதியியல் போன்ற பாடங்களில் ஒரு பக்கத்துக்கே வெகுநேரம் பிடிக்கும். சமன்பாட்டில் ஒரு குறியீடு இடம் மாறினாலும் மாணவர் தவறான கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார்.

ஆலோசகரின் வேலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறோம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது படிவம் நிரப்பும் வேலையாகத் தோன்றுகிறது. முதலில் மாணவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஒரே சான்றிதழை வைத்திருக்கும் இருவருக்கு ஒரே ஏற்பாடு பொருந்துவதில்லை. பார்வையற்றவர்களில் பிரெயிலில் படித்து வளர்ந்தவர் உண்டு, ஒலிவடிவில் மட்டுமே படித்தவர் உண்டு, படிப்பின் நடுவில் பார்வையை இழந்து இரண்டையும் புதிதாகக் கற்றுக்கொண்டிருப்பவரும் உண்டு. அந்தப் பருவத்தில் அவர் எடுத்திருக்கும் பாடங்கள் எவை, எதில் ஆய்வகம் இருக்கிறது, எதில் களப்பணி, எதில் வாய்மொழித் தேர்வு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எந்த இடத்தில் தடை வரும் என்பதை முன்கூட்டியே கணிக்க வேண்டும். பிறகு ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டும். அந்தக் கடிதத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது இருக்குமே தவிர, மாணவரின் நோய் என்ன, குறைபாடு என்ன என்பது இருக்கக் கூடாது. அதைச் சொல்வதும் சொல்லாமலிருப்பதும் மாணவரின் விருப்பம். ஆசிரியருக்கு ஐயம் எழுந்தால் அதையும் மதித்துப் பேச வேண்டும். ‘இதனால் பாடத்தின் தரம் குறைந்துவிடாதா?’ என்ற கேள்வி நேர்மையான கேள்விதான். எதைக் கற்றிருக்க வேண்டும் என்பதில் குறைப்பே இல்லை, கற்றதை எந்த வழியில் காட்டுவது என்பதில்தான் மாற்றம் என்பதை, அந்தந்தப் பாடத்தை முன்வைத்துப் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது. தேர்வுப் பிரிவுக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததா, தனி அறை ஒதுக்கப்பட்டதா, ஸ்கிரைப் எனப்படும் எழுத்து உதவியாளருக்கு அந்தப் பாடத்தின் சொற்களை எழுதத் தெரியுமா என்று தேர்வுக்கு முதல்நாள்வரை விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். பருவம் முடிந்ததும், எது உதவியது எது உதவவில்லை என்று மாணவரிடமே கேட்டு அடுத்த பருவத்துக்கு மாற்றியமைக்க வேண்டும்.

காது கேளாத மாணவர்களுக்கான ஏற்பாட்டில்தான் செலவும் மிகுதி, தவறான புரிதலும் மிகுதி. வகுப்பில் ஒரு சைகைமொழி பெயர்ப்பாளரை நிறுத்திவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் விரிவுரைக்குப் பொதுவாக இருவர் தேவை. இருபது நிமிடத்திற்கு ஒருமுறையாவது அவர்கள் மாறிக்கொள்ளாவிட்டால் களைப்பு ஏறி, பெயர்ப்பின் துல்லியம் குறையத் தொடங்கிவிடும். பாடக்குறிப்பு முன்கூட்டியே அவர்கள் கைக்கு வந்தால்தான், சைகை இல்லாத கலைச்சொற்களை எப்படிக் காட்டுவது என்று மாணவரோடு பேசி வைத்துக்கொள்ள முடியும். இன்னொன்றும் உண்டு. கண்ணால் சைகையைக் கவனித்துக்கொண்டிருக்கும் மாணவர் அதே நேரத்தில் குனிந்து குறிப்பெடுக்க முடியாது. ஆகவே குறிப்பெடுத்துத் தரவும் ஒருவர் வேண்டும். இவ்வளவும் ஒரே மாணவரின் ஒரே வகுப்புக்கு என்று எண்ணும்போது, நாங்கள் ஏன் ஊதியம் ஊதியம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது உங்களுக்கு விளங்கும்.

வெளியில் தெரியாத குறைபாடுகள் உடையவர்கள் பெரும்பாலும் வாய் திறப்பதே இல்லை. எழுத்துகளை வாசிப்பதிலும் எழுதுவதிலும் இடர்ப்பாடு தரும் டிஸ்லெக்சியா உள்ளவர் சோம்பேறி என்று பெயரெடுத்துவிடுகிறார். வலிப்பு நோய் உள்ள பலருக்குத் தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும் என்பதால், ஒரே நாளில் இரண்டு தேர்வுகள் வருவது அவர்களுக்கு வெறும் சுமை அல்ல, ஆபத்து. மனநலத்துக்காக மருந்து உட்கொள்பவர் சிலருக்குக் காலை நேரம் முழுதும் மந்தமாகவே கழியும். நடுவில் சற்று ஓய்வெடுக்க அனுமதி, தேர்வு நேரத்தை மாற்றித் தருதல், சத்தமில்லாத அறை எனப் பணச்செலவே அதிகமில்லாத ஏற்பாடுகள் இவர்களுக்குப் போதும். ஆனால் நம்பிப் பேசுவதற்கு ஒருவர் நிரந்தரமாக அங்கே இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறினால், ஒவ்வொரு முறையும் தன் கதையை முதலிலிருந்து சொல்ல எந்த மாணவரும் வர மாட்டார்.

இத்தகைய மையங்கள் உலகில் தோன்றிய விதத்தைப் பார்த்தாலும் இதே பாடம்தான் கிடைக்கிறது. பதினான்கு வயதில் போலியோவால் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த எட் ராபர்ட்ஸ், 1962இல் அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இரவில் மூச்சுவிட அவருக்குத் தேவைப்பட்ட இரும்பு நுரையீரல் இயந்திரத்தை வைக்க மாணவர் விடுதியில் இடமில்லாததால், வளாக மருத்துவமனையிலேயே ஒரு பகுதியில் அவர் தங்கிப் படித்தார். அவரைப் பின்தொடர்ந்து வந்த மாணவர்கள் சேர்ந்து முயன்றதன் பயனாக 1970இல் அங்கே மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான திட்டம் ஒன்று தொடங்கியது. உதவியாளர்களைத் தேடித் தருவது, தங்குமிடம் பார்த்துத் தருவது, சக்கர நாற்காலி பழுதானால் உடனே சரிசெய்து தருவது என, மாணவரின் அன்றாடம் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வதே அதன் முதன்மையான வேலையாக இருந்தது. வேலை செய்தவர்களில் பலர் தாங்களே மாற்றுத்திறனாளிகள். எங்கள் திட்டத்திலும் ஆலோசகர் பணிக்கு மாற்றுத்திறனாளிப் பட்டதாரிகளுக்கே முன்னுரிமை தருவதென்று உறுதி செய்திருக்கிறோம்.

‘சலுகை’ என்ற சொல்லை இந்த வேண்டுகோளில் நாங்கள் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறோம். சலுகை என்பது கொடுப்பவர் மனம் வைத்துக் கொடுப்பது. மனம் மாறினால் நிறுத்திவிடக்கூடியது. 2006 டிசம்பர் 13 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நியாயமான ஏற்பாட்டை மறுப்பதையும் பாகுபாட்டின் ஒரு வகையாகவே வரையறுக்கிறது. அதன் 24ஆம் பிரிவு உயர்கல்வியில் அந்த ஏற்பாடுகளை உறுதிசெய்யும் கடமையை நாடுகள்மேல் சுமத்துகிறது. பார்வையற்றோர் படிக்கக்கூடிய வடிவங்களில் நூல்களை மாற்றித் தருவதற்குப் பதிப்புரிமை தடையாக நிற்கக் கூடாது என்பதற்காக 2013இல் மராகேஷ் உடன்படிக்கையும் உருவாகி, 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆக, உரிமை எழுத்தில் இருக்கிறது.

அப்படியானால் இது பல்கலைக்கழகத்தின் கடமைதானே, பொதுமக்களிடம் ஏன் கையேந்த வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் குழுவிலேயே இருவர் இதைக் கேட்டார்கள். அந்த விவாதம் இரண்டு கூட்டங்களுக்கு நீண்டது. கடமை பல்கலைக்கழகத்தினுடையதுதான், அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் புதிய பணியிடத்திற்கு ஒப்புதல் கிடைக்கும்வரை இப்போது முதலாண்டில் இருக்கும் மாணவரைக் காத்திருக்கச் சொன்னால், அவர் பட்டம் பெறாமலே வெளியேறியிருப்பார். ஆகையால் மூன்று கல்வியாண்டுகளுக்கு மட்டுமே இந்த நிதியை நடத்துவோம். அக்காலத்தில் எத்தனை கோரிக்கைகள் வந்தன, ஒவ்வொன்றும் நிறைவேற எத்தனை நாளாயிற்று, எவை எந்த மேசையில் நின்றுபோயின என்ற பதிவை மாணவர் பெயர்கள் இல்லாமல் தொகுத்து, ஆண்டுதோறும் நிர்வாகத்தின்முன் வைத்து, பணியிடங்களைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொள்ளும்படி வலியுறுத்துவோம்.

இரண்டு முழுநேர ஆலோசகர்கள், பாடநூல்களையும் குறிப்புகளையும் மாற்றித் தரும் ஒருவர், வகுப்பு நேரக் கணக்கில் ஊதியம் பெறும் சைகைமொழி பெயர்ப்பாளர்கள், தேர்வுக் காலத்தில் எழுத்து உதவியாளர்கள் ஆகியோருக்கே நிதி செலவிடப்படும். எழுத்து உதவியாளர்களுக்கு முறையான மதிப்பூதியம் தர வேண்டும் என்பதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். நல்லெண்ணத்தால் வர ஒப்புக்கொண்டவர் தேர்வன்று காலையில் வராமல் போனால், இழப்பு முழுவதும் மாணவருடையது. குழு உறுப்பினர் எவரும் இந்த நிதியிலிருந்து ஊதியமோ பயணப்படியோ பெற மாட்டார்கள். வெளித் தணிக்கையாளர் சரிபார்த்த கணக்கு ஒவ்வோர் ஆண்டும் எல்லா நன்கொடையாளர்களுக்கும் அனுப்பிவைக்கப்படும்.

ஒரு வேண்டுதலையும் பணிவோடு முன்வைக்கிறோம். நன்கொடை தருவோரையும் மாணவரையும் ஒரே மேடையில் நிறுத்திப் படமெடுக்கும் நிகழ்ச்சி எதையும் நாங்கள் நடத்த மாட்டோம். உங்கள் நன்கொடையால் பயன்பெற்ற மாணவர் யார் என்பதையும் தெரிவிக்க மாட்டோம். இதை மனக்குறையாக எண்ணாதிருக்க வேண்டுகிறோம். தன் மருத்துவ நிலையை வகுப்புத் தோழரிடம்கூடச் சொல்லாத ஒரு மாணவர் எங்கள் கதவைத் தட்ட வேண்டுமானால், இந்த உறுதி அவருக்குத் தேவை.

ஒரே முறையில் பெருந்தொகை தர இயன்றவர்களின் உதவியை நன்றியுடன் ஏற்கிறோம். ஆனாலும் சிறிய தொகையை மாதந்தோறும் தவறாமல் தர முன்வருபவர்களே எங்களுக்குப் பெரும் பலம். ஊதியம் மாதந்தோறும் கொடுக்க வேண்டியது, அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் ஒருவரைத் துணிந்து பணியில் அமர்த்த முடியும். பணம் தர இயலாதவர்கள் நேரம் தரலாம். மாற்றிய பாடக்குறிப்புகளை மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை பார்க்கவும், படங்களுக்கு விளக்கம் எழுதவும், அந்தந்தத் துறையில் பட்டம் பெற்றவர்கள் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் அது பேருதவியாகும்.

அடுத்த பருவம் தொடங்குவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே ஆலோசகர்கள் பணியில் சேர்ந்துவிட வேண்டும்; நூல்களை மாற்றும் வேலை வகுப்பு தொடங்கிய பின் தொடங்கினால் மாணவர் கடைசிவரை பின்தங்கியே இருப்பார். எனவே உங்கள் நன்கொடையையோ மாதாந்தர உறுதிமொழியையோ இந்த மாத இறுதிக்குள் குழுவின் பொருளாளரிடம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஐயங்கள் இருந்தால் தயங்காமல் கேளுங்கள். முதல் பக்கத்தில் சொன்ன குறைபார்வையுடைய உறுப்பினரே இக்குழுவின் செயலாளர். உங்கள் கடிதங்களுக்கு அவரே பதில் எழுதுவார்.

இப்படிக்கு,
தங்கள் உதவியை நாடும்
மாற்றுத்திறனாளி மாணவர் ஆலோசனை நிதிக் குழுவினர்