கப்பல் ஏறிச் சோதனை போடும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

முதல் தடவை கப்பலில் ஏறிச் சோதனை போட்டதாகப் போனில் சொன்னாய். கேப்டன் முகம் கொடுத்தே பேசவில்லை என்று வருத்தப்பட்டாய். அதிலிருந்து ஒரு பழைய கப்பலின் நினைவாகவே இருக்கிறது எனக்கு.

பெயர் மாசசூசெட்ஸ். 1791-இல் அமெரிக்காவின் நியூபரிபோர்ட்டில் கட்டிய இரண்டு பாய்மரம் கொண்ட ஸ்கூனர் வகைக் கப்பல். சுதந்திரப் போர் முடிந்து நாட்டின் தலைமேல் கடன். வருமானமோ பெரும்பாலும் சுங்கவரிதான். கள்ளக்கடத்தல் அதையும் தின்றது. கடற்படையும் கிடையாது, கடைசிப் போர்க்கப்பலை 1785-இலேயே விற்றாயிற்று. நிதிப் பொறுப்பிலிருந்த அலெக்சாண்டர் ஹாமில்டன், ஒன்றுக்கு ஆயிரம் டாலர் கணக்கில் பத்து ரோந்துக் கப்பல்கள் கேட்டார். மாசசூசெட்ஸ் அவற்றில் ஒன்று. 1790 ஆகஸ்ட் 4-இல் சட்டம் வந்தது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை இன்றும் அந்தத் தேதியைத்தான் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

ஒரு கப்பலுக்குக் கேப்டன், மூன்று மேட் (கேப்டனுக்கு அடுத்த அதிகாரிகள்), நான்கு மாலுமி, இரண்டு பையன்கள். பையனுக்கு மாதம் 4 டாலர், கேப்டனுக்கே 30தான். மாசசூசெட்ஸின் கேப்டன் ஜான் ஃபாஸ்டர் வில்லியம்ஸ், போரில் பீரங்கிக் கப்பல் நடத்தியவர்.

அப்படிப்பட்டவர்களுக்கு 1791 ஜூன் 4-இல் ஹாமில்டன் ஒரு சுற்றறிக்கை எழுதினார். எனக்கு அதுதான் பெரிது. நம் நாட்டார் சுதந்திர மனிதர்கள், அதிகாரத் தோரணை கொஞ்சம் தெரிந்தாலும் பொறுக்கமாட்டார்கள். கர்வம், முரட்டுத்தனம், அவமதிப்பு எதுவும் உங்களிடம் இருக்கக்கூடாது என்று எழுதியிருந்தார். கள்ளக்கடத்தலைப் பிடிக்கப் போகிறவர்களுக்கு இப்படியொரு உத்தரவு!

நான் தோணியில் கொழும்புக்குப் போய்வந்த காலத்தில் ஒரு அதிகாரி ஏறினார். சரக்கைப் பார்த்தார், சரி. அப்புறம் நாங்கள் பொங்கித் தின்ன வைத்திருந்த அரிசி மூட்டையில் குத்தூசியை இறக்கி இறக்கி எடுத்தார். தளமெல்லாம் அரிசி. ஒன்றும் கிடைக்கவில்லை, ஒரு வார்த்தையும் சொல்லாமல் இறங்கிப் போனார். தோணியை நடத்தும் வயதான தண்டல் குனிந்து உட்கார்ந்து, தார்ப்பூச்சில் ஒட்டிய அரிசியை விரலால் பொறுக்கினார். அந்தக் கை இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

மாசசூசெட்ஸ் நெடுநாள் ஓடவில்லை, 1792-இல் விற்றுவிட்டார்கள். அதே பெயரில் வேறொன்று வந்தது. வில்லியம்ஸ் 1814-இல் சாகும்வரை அந்த வேலையிலேயே இருந்தார்.

நூலேணியில் ஏறும்போது படியைப் பிடிக்காதே, பக்கக் கயிற்றைப் பிடி. உன்னிடம் முகம் கொடுக்காத அந்தக் கேப்டனிடம், ஏறியதும் முதல் வார்த்தையாக என்ன கேட்டாய் என்று எழுது.

அப்பா