ஸ்டானேஜில் கைகொடுத்தவர்களுக்கு

இங்கிலாந்தில் ஸ்டானேஜ் பாறையடியில் அன்று உடன் நின்ற எல்லோருக்கும்,

என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும்: பாறை ஏறும்போது தம்பி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டான். கணுக்கால் எலும்பு கூடிவிட்டது, தம்பி இனி ஊன்றுகோலை விடலாம் என்று மருத்துவர் சொன்ன கையோடு இதை எழுதுகிறோம்.

பாறாங்கல்லும் புதருமான சரிவில் ஸ்ட்ரெச்சரைச் சாலை வரை சுமந்த மலைமீட்புத் தொண்டர்கள் சம்பளம் வாங்காமல் இந்த வேலையைச் செய்கிறவர்கள். அவர்களுக்கும், அவசர உதவி எண் 999-ஐ அழைத்து இடத்தைப் பிசகாமல் சொன்னவருக்கும், ஜாக்கெட்டைக் கழற்றிப் போர்த்தியவர்களுக்கும், பிளாஸ்க் தேநீரைக் கொடுத்தவர்களுக்கும் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ஒருவரைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பக்கத்து ரூட்டில் (ஏறும் வழியில்) ஏறிக்கொண்டிருந்த அந்த அம்மாவின் பெயர்கூடத் தெரியாது. எல்லோரும் கிளம்பிய பிறகு, பாறையில் விட்டுவந்த நட் (விரிசலில் செருகும், வயர் கோத்த உலோக ஆப்பு), கேம் (விரிசலுக்குள் விரிந்து பிடிக்கும் பல்லுள்ள கருவி), ஸ்லிங் (நாடா வளையம்) அத்தனையையும் அவர் ஏறி எடுத்து, பக்கத்து ஊரான ஹாதர்சேஜில் ஒரு கடையில் கொடுத்து வைத்திருந்தார். விரலில் சுற்றும் வெள்ளை டேப்பைக் கிழித்து ஒவ்வொன்றிலும் ஒட்டி, எங்கே இருந்தது, எப்படி இருந்தது என்று பேனாவால் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்.

இங்குள்ள கிரிட்ஸ்டோன் (சொரசொரப்பான மணற்கல்) பாறைகளில் நிரந்தரப் பிடிப்பாக போல்ட் அடிப்பதில்லை. லீடு ஏறுபவர், அதாவது கயிற்றோடு முதலில் ஏறுபவர், தானே விரிசலில் வைத்துக்கொண்டு போகும் நட்டும் கேமும்தான் காப்பு. விழுந்த பாரத்தில் அவை ஒவ்வொன்றும் என்ன ஆயின என்று எழுதிக் கொடுக்க ஆள் கிடைப்பது அபூர்வம்.

“முதல் நட். கழன்று கயிற்றில் கிடந்தது” என்றது ஒரு டேப். விழும்போது கயிறு விறைக்கிறது. பிலே செய்பவர், அதாவது கீழே நின்று கயிற்றைப் பிடித்துக் காப்பவர், பாறையை விட்டுத் தள்ளி நின்றால், அந்த விறைப்பு முதல் நட்டை வெளியேயும் மேலேயும் இழுக்கும். அது கழன்றால் அதற்கு மேலுள்ளவையும் ஜிப் திறப்பது போல வரிசையாகக் கழலும். அதற்கு மாற்றும் அதிலேயே இருந்தது: முதல் இடத்தில் மேல்நோக்கி இழுத்தாலும் நிற்கும்படி ஒரு கேம், இல்லையென்றால் எதிரெதிராக இரண்டு நட், பிலே செய்பவர் பாறையை ஒட்டி நிற்க வேண்டும்.

அடுத்த நட்டில் “குவிக்டிரா குட்டை” என்று மட்டும். குவிக்டிரா என்பது நட்டையும் கயிற்றையும் இணைக்கும், இரு முனையிலும் கொக்கியுள்ள நாடா. ரூட் வளைகிற இடத்தில் குட்டையாக மாட்டினால், கயிறு ஓட ஓட வயர் ஆடி நட் மேலே கிளம்பிவிடும். அங்கே 60 செ.மீ. ஸ்லிங் வேண்டும். உச்சியில் இருந்த கேமில், “பற்கள் முழுக்க விரிந்திருந்த தடம் தெரிகிறது, ஒரு அளவு பெரியது வேண்டும்.” கேம் ஏறக்குறைய பாதி சுருங்கிய நிலையில் உட்கார்ந்தால்தான் கல்லை இறுகப் பிடிக்கும். முழுக்கச் சுருக்கித் திணித்தாலோ, திரும்ப எடுக்க வராது.

அதற்குக் கீழே இருந்த 7-ஆம் எண் அளவுள்ள நட்தான் தம்பியைத் தாங்கியது. அதன் டேப்பில் இப்படி: “அசையவில்லை. இரு முகமும் கல்லோடு பொருந்தியிருந்தன. கீழே விரிசல் குறுகுகிறது. எடுக்கக் கீழிருந்து தட்ட வேண்டியிருந்தது. மிக நன்றாக வைத்திருக்கிறார்.” படுக்கையில் கிடந்தவன் அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தான். இனிப் பாறைப் பக்கமே போவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அதற்குப் பிறகு அப்படிச் சொல்லவில்லை.

எங்களோடு லீடு கற்க வருகிறவர்கள் இனி முதலில் தரையில் நின்றபடியே நட் வைப்பார்கள். ஸ்லிங் மாட்டி, ஹெல்மெட் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, காலை ஊன்றி முழு எடையையும் அதில் கொடுத்துப் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் லீடு, அதுவும் டிஃப், வெரி டிஃப் என்ற எளிய தர ரூட்டுகளில். பின்னால் ஏறும் அனுபவசாலி, எடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் பார்த்து டேப்பில் எழுதி ஒட்டுவார். நன்றாக இருப்பதையும் கட்டாயம் எழுதுவார்.

அம்மா, உங்களுக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் அதே கடையில் இருக்கிறது. நட்டைத் தட்டி எடுக்கும் உங்கள் நட் கீ எங்கள் பொருள்களோடு வந்துவிட்டது. அதையும் கடிதத்தோடு வைத்திருக்கிறோம், வாங்கிக்கொள்ளுங்கள்.