கோழிக் கிறுக்கல்

அன்புள்ள வாலு,

காவடிக்கு வருகிறேன் என்று ரெயூனியன் தீவிலிருந்து நீ போட்ட கடிதத்துக்கு 5 மாதமாகப் பதில் போடவில்லை. திட்டிக்கொள். இங்கே மொரீஷியஸில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முட்டி மட்டும் மழைக்கு முந்திக்கொண்டு வலிக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தமிழ் டீச்சர் என் நோட்டைத் தூக்கிக் காட்டி, "முத்து முத்தா எழுதியிருக்கா பாருங்க" என்பாரே, நினைவிருக்கிறதா? உன்னுடையதைக் கோழிக் கிறுக்கல் என்பார். நீ பிழைத்துக்கொண்டாய். அந்த முத்துதான் என்னைக் கவிழ்த்துவிட்டது.

ஆபீஸ் கூட்டங்களில் 11 வருஷமாகக் குறிப்பு எழுதுவது நான்தான். "உன் எழுத்து அழகு, மொ டிஃபி, நீயே எழுதிடு" என்பார் மேனேஜர். 47 வயதில் நான் டிஃபி, சின்னப் பெண்! என்னோடு வேலைக்குச் சேர்ந்த ஆண்களை மரியாதையாக மிஸ்யே போட்டுத்தான் கூப்பிடுவார். கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போடலாம். மார்ச் 8 அன்று, 1943-இல் பெல்வு ஆரெல் கரும்புத் தோட்டத்தில் தொழிலாளர் போராட்டத்தின்போது போலீஸ் குண்டுக்கு விழுந்த நம் அஞ்சலையைப் பற்றிக் கண் கலங்கப் பேசினார். பேசி முடித்த கையோடு கேக் வெட்டும் கத்தியை என்னிடம் நீட்டினார். நானும் வெட்டித் தட்டு தட்டாகக் கொடுத்தேன், வாலு!

போன வாரம் தணிக்கைக்காகப் பழைய குறிப்பு நோட்டுகளைப் புரட்டினேன். கிளைகளுக்குச் சரக்கு அனுப்பும் முறையை மாற்றச் சொன்னேன் என்று உனக்குப் போனில்கூடப் பீற்றிக்கொண்டேனே? நோட்டில் அது எதிர் நாற்காலிக்காரரின் யோசனை. நான் சொன்னதைப் 10 நிமிடம் கழித்து அவர் திருப்பிச் சொல்ல, எல்லோரும் தலையாட்ட, அவர் பெயர், அடியில் கோடு. எல்லாம் என் கையெழுத்தில், முத்து முத்தாக. என் பெயரை யாரும் அடிக்கவில்லை. நான்தான் எழுதாமல் விட்டிருக்கிறேன். கை எழுதிக்கொண்டிருந்தபோது வாய் சொன்னதை நானே கணக்கில் சேர்க்கவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

2008-இல் வந்த சமவாய்ப்புச் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். பால், வயது, திருமண நிலை எல்லாம் இருக்கிறது. அழகான கையெழுத்துக்கு எந்தப் பிரிவில் புகார் கொடுப்பது? வீட்டுக்காரரிடம் சொன்னால், "இதுக்குப் போயா?" என்றார். அன்றைக்கு அவருக்கு வெறும் ரசம்தான்.

நேற்றுக் கூட்டத்தில் நோட்டைப் புதிதாகச் சேர்ந்த பையன் பக்கம் தள்ளினேன். "இன்னைக்கு நீ எழுது தம்பி, எனக்குப் பேச வேண்டியிருக்கு." மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகு நேரம். பையன் எழுத்து உன்னுடையதைவிடக் கேவலம். ஆனால் என் பெயர் 3 இடத்தில் இருக்கிறது, ஒன்றில் எழுத்துப் பிழையோடு.

வரும்போது வனிலா மறக்காதே.

உன்,
முத்து